நாடக முன்னிசை (போடிநாயக்கனூர் வட்டாரம்)

நாடக முன்னிசை என்பது முதல் வேடம் மேடையேறுவதற்கு முன் பக்கவாத்தியக்காரர்கள் வாசிக்கும் இசை. மேற்கத்திய ஓபராவில் இதை ஓவர்ச்சர் என்பார்கள். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை என ஏலமலையின் அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் இதற்கு நிகரானது, கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தின் தொடக்க இசைதான்.

தூத்துக்குடியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய இசை நாடகங்களே இன்றும் இந்த மேடையின் மூலதனம். அவர் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் ஒரே கூரையின் கீழ் பயின்றார்கள். ஸ்பெஷல் நாடகம் அப்படியல்ல. ராஜபார்ட் (நாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி) வேறோர் ஊர், பபூன் (கோமாளி) இன்னோர் ஊர் என ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேதி கொடுத்து வந்து சேர்வார்கள். ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அன்றைய இரவின் சுதியும் வேகமும் மேடையில்தான் முடிவாகும். அதை முடிவு செய்யும் இடம் முன்னிசை.

மேடையின் ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்கும் ஓசைக் கருவிகளும் கையாளும் ஆல்ரவுண்டு, தாளம் ஆகியவை அமர்ந்திருக்கும். தலைமை ஆர்மோனியக்காரருக்கு. அவரே பின்பாட்டும் பாடுவார். இரவு பத்து மணி வாக்கில் கடவுள் வாழ்த்தோடு அவர்தான் தொடங்கிவைக்கிறார்.

சுதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கட்டை மேற்கத்திய இசையின் சி. ஐந்து கட்டை ஜி. ஒலிபெருக்கி வராத காலத்தில் கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டியிருந்ததால், நாடகக்காரர்கள் மேல்கட்டையில் பாடிப் பழகினார்கள். எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933), கே. பி. சுந்தராம்பாள் இருவரின் குரலும் அந்தப் பழக்கத்தில் உரமேறியவை. ராஜபார்ட் நான்கு கட்டையிலும் ஸ்திரீபார்ட் ஐந்து கட்டையிலும் பாடினால், ஆர்மோனியக்காரருக்கு ஆதார சுரமான சட்ஜத்தை வேறு கட்டைக்கு மாற்றிக்கொள்வது எளிது. மிருதங்கத்துக்கு அது அவ்வளவு எளிதல்ல. வலது பக்கத் தோலான வலந்தலையின் விளிம்பைக் கல்லும் மரக்கட்டையும் வைத்து மேலிருந்து தட்டினால் சுதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். இடது பக்கத் தொப்பிக்கு ரவை பிசைந்து அப்ப வேண்டும். மலையடிவாரத்தில் இரவு ஏற ஏற ஈரக்காற்று இறங்கித் தோல் தளரும். சேர்த்த சுதியை மறுபடியும் சேர்க்க வேண்டிவரும். முன்னிசையின் பாதிப் பயன் இந்தச் சேர்ப்பில்தான் இருக்கிறது.

வேகம் கீழிருந்து மேலே போகும். தாளமில்லாத ஆலாபனை முதலில். பிறகு மிருதங்கம் சேர்ந்துகொள்ள ஆதி தாளத்தில் ஒரு பாட்டு. அதன்பின் துரித காலம். தொடக்கம் பக்தி. பபூன் வரும்போது டோலக் முந்திக்கொண்டு எல்லாம் கலகலப்பாகிவிடும். பபூனும் அவரோடு ஆடும் நடனக்காரியும் மேடையைவிட்டுப் போனபின், நள்ளிரவை ஒட்டி, கதை தொடங்கும். அப்போது இன்னொரு சிறு முன்னிசை உண்டு. ராஜபார்ட் திரைக்குப் பின்னால் நின்றே விருத்தம் எடுப்பார். முகம் தெரியுமுன் குரல் வந்துவிடும். நாடகத்தின் மிக அழகான நொடி இதுதான். வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனம் காத்து ஆலோலம் பாடி வரும் காட்சிக்கு மலைச்சரிவில் உழைப்பவர்கள் ஒன்றிப் போவதில் வியப்பில்லை. அந்தச் சரிவு அவர்களுக்குத் தினசரி வழி.

ஓபராவோடு வைத்துப் பார்த்தால் வேற்றுமை தெளிவாகும். மொசார்ட்டின் தோன் ஜியோவான்னி (பிராக், 1787) ஓவர்ச்சர் டி மைனரில், நடையின் வேகத்தில், கனத்த சுரக்கூட்டுகளோடு தொடங்கி, டி மேஜரில் விரைந்து ஓடும். அந்தத் தொடக்கக் கூட்டுகள் கடைசி அங்கத்தில் கற்சிலை விருந்துக்கு வரும்போது திரும்பக் கேட்கும். முடிவை முதலிலேயே காதில் போட்டுவைக்கும் ஏற்பாடு அது; முழுதும் எழுதிவைத்த இசையால்தான் முடியும். ஸ்பெஷல் நாடகத்தின் முன்னிசை பின்னால் வரும் மெட்டுகளை முன்கூட்டிச் சொல்வதில்லை. கேட்பவர்களை அமரவைப்பதோடு, பாடப்போகிறவர்களுக்கு இடமும் ஒழுங்குசெய்து தருகிறது. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வியே பொருந்தாது. இரண்டும் வேறு வேறு தேவைக்குப் பிறந்தவை. சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியும் முன்னிசை இனத்தது: கம்பீரநாட்டை ராகம், சாகித்தியம் இல்லை, காலம் மாற்றி மாற்றி வாசிப்பு.

ஆர்மோனியத்தில் கமகம் (சுரங்களை அசைத்து இழைப்பது) வராது என்ற குறை பழையது. அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடையே போட்டது, 1971இல்தான் தளர்த்தியது. நாடக மேடை அந்தத் தடையைப் பொருட்படுத்தவில்லை.

போடிக்குத் தெற்கே, தேவாரத்தை அடுத்த பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜன் இதே ஆர்மோனியத்தை அரசியல் மேடைக்குக் கொண்டுபோனார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக மலைத்தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே அவர் பாடினார். அவருடைய குழுவில் இளம் வயதிலேயே சேர்ந்த தம்பி இளையராஜா, 1976இல் அன்னக்கிளி மூலம் திரைக்கு வந்தார். பல்லவி வருமுன் சுதியும் வேகமும் மனநிலையும் நிலைபெற்றுவிட வேண்டும் என்ற மேடைப் பாடம் அவருடைய திரைப்பாட்டுகளின் முகப்பில் கேட்கிறது. இளைய நிலா பாட்டின் கிட்டார் தொடக்கமும், ராக்கம்மா கையத் தட்டு பாட்டின் வயலின் தொடக்கமும் அதற்குச் சான்று.

ஸ்பெஷல் நாடகத்தைப் பதிவுசெய்பவர்கள் ராஜபார்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆர்மோனியத்தின் முதல் சுரத்திலிருந்தே பதிவுசெய்து, அன்றைய கட்டையையும் ராகத்தையும் வாசித்தவர் பெயரையும் உடன் குறித்துவையுங்கள்.