தட்டின் பின்பக்கம்

தாஃப்னியைத் துரத்தும் அப்பல்லோ, ஹெலனைத் தூக்கிப்போகும் பாரிஸ், பற்றியெரியும் ட்ராய். சாப்பாட்டுத் தட்டில் இவ்வளவு கூட்டமா என்று தோன்றும். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் உர்பினோ பக்கம் செய்த மயோலிகா மண்பாண்டங்கள் இவை. கதை தீட்டிய வகைக்கு 'இஸ்தோரியாத்தோ' என்று பெயர். ஓவிட் எழுதிய புராணங்களும் ரோமானிய வரலாறும்தான் பெரும்பாலும் சரக்கு.

வேலை லேசானதல்ல. ஒருமுறை சுட்ட தட்டை வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சில் முக்கி எடுப்பார்கள். காய்ந்தால் மாவு மாதிரி இருக்கும், தூரிகை பட்ட உடனே நிறத்தை உறிஞ்சிவிடும். அழித்துத் திருத்த வழியே கிடையாது. நுண்ணிய கோடுகளுக்கான தூரிகையில் எலி மீசை சேர்ப்பார்களாம், 1550களில் பிக்கோல்பாஸோ எழுதிய கையேடு சொல்கிறது. பிறகு மறுபடியும் சூளை. அங்கே போனது வெடிக்காமல் வந்தால் அதிர்ஷ்டம்.

எனக்குப் பிடித்தவர் பிரான்செஸ்கோ ஸாந்தோ அவெல்லி. ரோவிகோவிலிருந்து பிழைக்க வந்தவர். முழுப் படத்தையும் அவர் புதிதாக வரைவதில்லை. மார்கன்தோனியோ ரைமோந்தி போன்றவர்களின் அச்சுப்படங்களிலிருந்து ஓர் ஆளை இங்கே, ஒரு கையை அங்கே என்று எடுத்து வேறு கதைக்குள் பொருத்திவிடுவார். போப் அழிக்கச் சொன்ன 'இ மோதி' என்ற காமப் படங்களின் உருவங்கள்கூட அவருடைய தட்டுகளில் கௌரவமான கதைகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன! காப்பி-பேஸ்ட் என்று சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். யாரோ எழுதிய லைப்ரரிகளைக் கோர்ப்பதுதான் என் பிழைப்பும். எதை எங்கே பொருத்துவது என்பதில்தான் மூளை இருக்கிறது.

1530இல் உர்பினோவின் பட்டறை முதலாளிகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கூலி உயர்வு கேட்டுச் சேர்ந்துகொண்ட தொழிலாளிகளை ஒருவரும் தனியாக வேலைக்கு எடுக்கக் கூடாது என்று. அந்தப் பட்டியலில் ஸாந்தோவின் பெயரும் இருக்கிறது. அதே வருடத்திலிருந்துதான் தட்டுகளின் பின்பக்கம் அவர் முழுப்பெயர் போடத் தொடங்குகிறார்: ஊர், வருடம், முன்பக்கத்துக் கதையின் சுருக்கம் எல்லாம் சேர்த்து. இரண்டையும் நான்தான் முடிச்சுப் போடுகிறேன், வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் பட்டறை முத்திரைக்குள் காணாமல் போகிற கூலிக்காரர், எந்தச் சூளையில் சுட்டாலும் அழியாத நீலத்தில் 'உர்பினோவில், ரோவிகோக்காரன் ஸாந்தோ' என்று எழுதியதைக் கோபம் இல்லாமல் என்னால் படிக்க முடியவில்லை.

அருங்காட்சியகங்களில் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத்தான் மாட்டுகிறார்கள்.