கூந்தலும் குடியுரிமையும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒருவருடைய அறிவையும் பண்பையும் அறியுமுன்னர் அவருடைய தோற்றத்தைக் கண்டே அவரை மதிப்பிடுதல் உலகியற்கை. பணிபுரிவோர் தூய்மையாகவும் ஒழுங்காகவும் தோன்றவேண்டும் என்று விதி வகுப்பதிலும் குற்றமில்லை. பல்லாண்டு காலம் மாணவரை வரிசையில் நிறுத்தித் தலை முதல் கால் வரை பார்த்துப் பழகிய தலைமையாசிரியன் நான், இதனை மறுப்பேனல்லேன். ஆயினும், 'ஒழுங்கு' என்னும் அச்சொல்லுக்குப் பொருள் வகுப்பவர் யார்? ஓர் இனத்தாரின் இயற்கையை அளவுகோலாகக் கொண்டு, மற்றோர் இனத்தாரின் இயற்கையை ஒழுங்கின்மை என்று கூறினால் அவ்விதி நேர்மையுடையதாகுமா? அமெரிக்க நாட்டுக் கறுப்பின மகளிரின் கூந்தலைப் பற்றி இவ்வினா நெடுங்காலமாக எழுந்து வந்துள்ளது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் முடியின் இயல்பை அறிதல் வேண்டும். ஆப்பிரிக்க வழிவந்த மக்களின் முடி பெரும்பாலும் நெருங்கிய சுருள்களாக வளர்வது. முடியிழையைக் குறுக்கே வெட்டி நுண்பெருக்கியால் நோக்கினால், நேரான முடி ஏறத்தாழ வட்டமாகவும், சுருள்முடி தட்டையான நீள்வட்டமாகவும் தோன்றும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேரான முடியில் எளிதில் நுனி வரை இறங்கும். சுருள்முடியில் அவ்வாறு இறங்குவதில்லை. ஆதலின் அம்முடி விரைவில் உலரும்; வலிந்து சீவினால் முறியும். இதனை அனுபவத்தால் உணர்ந்த அம்மக்கள், முடியைப் பல சிறு பின்னல்களாகப் பின்னியும், புரிகளாகத் திரித்தும், சடைகளாக வளர விட்டும் பேணினர். இஃது அலங்காரம் மட்டுமன்று. முடியைக் காக்கும் முறையுமாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லூயிசியானா நிலப்பகுதி ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தது. அதன் தலைநகராகிய நியூ ஆர்லியன்ஸில் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் பலர் வாழ்ந்தனர். அவர்கள் கூந்தலை அழகுற முடித்து, அணிகலன் பூண்டு வெளிவருவது மேலோர் எனத் தம்மைக் கருதியோர்க்குப் பொறுக்கவில்லை. 1786ஆம் ஆண்டில் ஆளுநர் எஸ்தபான் மீரோ ஓர் ஆணை பிறப்பித்தார். அப்பெண்கள் இறகும் நகையும் தலையில் சூடலாகாது. கூந்தலைத் துணியால் கட்டி மறைத்தல் வேண்டும் என்பது அவ்வாணை. அடிமைப் பெண்கள் தலைத்துணி கட்டிப் பணிபுரிந்த காலம் அது. உரிமை பெற்ற பெண்ணும் அடிமைப் பெண்ணைப் போலவே தோன்றவேண்டும் என்பதே நோக்கம். அப்பெண்களோ ஆணையை மீறவில்லை. பல வண்ணத் துணிகளைத் தேர்ந்து, எழில்மிகு தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டனர். இழிவின் அடையாளமாக விதிக்கப்பட்டது அழகின் அடையாளமாயிற்று.

1803இல் லூயிசியானா அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விற்கப்பட்டது. 1865இல் அந்நாடெங்கும் அடிமை முறை ஒழிந்தது. அதன்பின் இரண்டாம் ஆண்டில், முன்பு அடிமைகளாயிருந்த பெற்றோர்க்கு அதே லூயிசியானாவில் ஒரு பெண் மகவு பிறந்தது. சலவைத் தொழில் செய்து பிழைத்த அப்பெண், தம் முடி உதிர்வதைக் கண்டு வருந்தி, கூந்தல் மருந்து விற்கத் தொடங்கிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். மேடம் சி. ஜே. வாக்கர் என உலகம் அறிந்த அவ்வம்மையார் 1919இல் மறைந்தபோது, ஆயிரக்கணக்கான கறுப்பின மகளிர் அவருடைய பொருள்களை விற்றுத் தம் காலில் நின்றனர். ஆயினும் வேலை வேண்டிய பெண்ணுக்கு நேரான முடி வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றி விட்டது. நெருப்பில் காய்ச்சிய உலோகச் சீப்பால் முடியை இழுத்து நீட்டினர். பின்னர் எரிசோடா கலந்த குழம்பைப் பூசினர். அது முடியின் உட்கட்டமைப்பை மாற்றும்; கவனம் தவறினால் தலைத்தோலையும் புண்ணாக்கும்.

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், வேலையளிப்பதில் இனவேறுபாடு காட்டுவதைத் தடை செய்தது. இளைஞர் பலர் முடியை நேராக்காமல் இயற்கையாகவே வளர விட்டனர். 1971இல் மெல்பா டாலிவர் என்னும் தொலைக்காட்சிச் செய்தியாளர், குடியரசுத் தலைவர் நிக்ஸனின் மகள் திருமணச் செய்தியை இயற்கைக் கூந்தலுடன் வழங்கினார். முடியை முன்போல் மாற்றவேண்டும், இல்லையேல் மறைக்கவேண்டும் என்று நிலையத்தார் வற்புறுத்தினர். அம்மையார் இணங்கவில்லை. செய்தி வெளியில் பரவியது. நிலையத்தாரே இறங்கி வந்தனர்.

நீதிமன்றங்களில் வெற்றி அத்துணை எளிதாகக் கிட்டவில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், பொதுமக்களைச் சந்திக்கும் பணியாளர் முடி முழுவதையும் சிறு பின்னல்களாகப் பின்னலாகாது என விதித்திருந்தது. கறுப்பினப் பெண் ஊழியர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1981இல் நியூயார்க் நகரக் கூட்டரசு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விதி எல்லா இனத்தார்க்கும் பொது என்றும், பின்னல் பிறவியில் வருவதன்று, எளிதில் மாற்றத் தக்கது என்றும் காரணம் கூறியது. பின்னலைக் கொண்டையாக்கி, அதன்மேல் பொய்ம்முடி அணிந்து பணிபுரியலாம் என்று நிறுவனம் வழி காட்டியிருந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தும் 'மறைத்துக்கொள்' என்பதே விடையாயிற்று!

அலபாமா மாநிலத்து மொபைல் நகரில் 2010இல் மற்றொரு பெண்ணுக்கு வேலை உறுதியாயிற்று. சடையை வெட்ட மறுத்ததால் அவ்வேலை அவர் கைவிட்டுப் போயிற்று. அரசின் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையமே அவர் பொருட்டு வழக்காடியும், 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்கவில்லை.

மாணவச் செல்வங்களே! இத்தீர்ப்புகளின் வாதத்தை ஆராய்ந்து பாருங்கள். விதி எல்லார்க்கும் பொது என்பது மெய்யே. ஆனால் விதியின் சுமை பொதுவன்று. நேரான முடியுடைய பெண் சீப்பால் வாரிவிட்டுப் பணிக்குச் செல்லலாம். சுருள்முடியுடைய பெண்ணோ அதே விதிக்கு அடங்கப் பொருளையும் நேரத்தையும் செலவிட்டு, சூட்டையும் எரிச்சலையும் தாங்கவேண்டும். மாற்ற இயலும் என்பதனாலேயே மாற்றச் சொல்லுதல் நீதியாகிவிடாது.

இவ்வுண்மையை மக்கள் மெல்ல மெல்ல உணர்ந்தனர். 2014இல் பல கறுப்பினச் சிகையமைப்புகளுக்குத் தடை விதித்த அமெரிக்கத் தரைப்படை, கண்டனம் எழவே மறு ஆய்வு செய்து, 2017இல் சடைமுடியையும் அனுமதித்தது. 2019 ஜூலைத் திங்களில் கலிபோர்னியா மாநிலம், இனத்தோடு இணைந்த முடியின் தன்மையையும் சிகையமைப்பையும் காரணமாகக் கொண்டு வேலையிலும் பள்ளியிலும் ஒருவரை ஒதுக்கலாகாது எனச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைக் கூட்டினால் 'மகுடம்' என்று பொருள்படும் சொல் கிடைக்கும். பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. நாடு முழுமைக்கும் உரிய சட்டம் 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியதாயினும், செனட் சபையைக் கடக்கவில்லை.

என் பணிக்காலத்தில் நானும் விதிகள் பல வகுத்தேன். அவற்றுள் எத்தனை தூய்மைக்காக, எத்தனை என் கண்ணுக்குப் பழகிய தோற்றத்திற்காக என்று அன்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. நாளை நீங்களும் அலுவலகத்திலோ பள்ளியிலோ விதி வகுக்கும் இருக்கையில் அமர்வீர்கள். அப்போது, இவ்விதி பணிக்குத் தேவையா, இதன் சுமையை யார் தாங்குவார் என்று இரு வினாக்களை எழுப்புங்கள். அவற்றிற்கு நேர்மையான விடை கண்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.