எண்ணைக் கேட்பதா, செய்தியைக் கேட்பதா: உணரி வலையமைப்பின் இரு வழிகள்

கம்பியில்லா உணரியின் மின்கலத்தைத் தின்பது அதன் ரேடியோ. வெப்பத்தை அளக்க ஆகும் மின்சாரம் அற்பம். அளந்ததை அனுப்பத்தான் செலவு. இதைக் குறைக்க 2000ஆம் ஆண்டில் இரண்டு வழிகள் வெளிவந்தன. ஒன்று, எம்ஐடியின் வெண்டி ஹைன்சல்மன், அனந்த சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் முன்வைத்த ‘லீச்’. மற்றது, சலெர்மெக் இன்டனகோன்விவாட், ரமேஷ் கோவிந்தன், டெபோரா எஸ்ட்ரின் ஆகியோரின் ‘டைரக்டட் டிஃப்யூஷன்’.

லீச்சில் உணரிகள் குழுக்களாகச் சேர்கின்றன. உறுப்பினர்கள் தமக்குக் குறித்த நேரத்தில் மட்டும் பேசிவிட்டு ரேடியோவை அணைத்துவிடலாம். குழுத்தலைமை எல்லாவற்றையும் சுருக்கி, தரவு சேரும் தளநிலையத்துக்கு நேரடியாக அனுப்பும். அந்த வேலை மின்கலத்தை உறிஞ்சும் என்பதால் பொறுப்பு சுற்றி வரும்: ஐந்து சதவீதம் தலைமை என்றால், ஒவ்வோர் உணரிக்கும் இருபது சுற்றுக்கு ஒருமுறைதான் சுமை.

பக்கத்து உணரிகள் வழியாகத் தாவித் தாவி அனுப்பினால் போதாதா? லீச் கட்டுரை எடுத்துக்கொண்ட அளவுகளையே வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு பிட்டை அனுப்பவோ வாங்கவோ மின்சுற்றுக்கு 50 நானோஜூல். அனுப்பும்போது தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுதல் செலவு. 100 மீட்டருக்கு அது 1000. ஆக, ஒரே வீச்சில் 1050. பத்துப் பத்து மீட்டராகத் தாவினால் அனுப்ப 600, இடையில் ஒன்பது உணரிகள் வாங்க 450. கூட்டினால் அதே 1050! சமமான மூன்று தாவலில் முடித்தால் சுமார் 583. தாவல் கூடக்கூட மிச்சமும் கூடும் என்பது பிழை.

டிஃப்யூஷன் ‘17ஆம் எண் உணரியே, சொல்’ என்று கேட்பதில்லை. ‘இந்தப் பரப்பில் நாலுகால் விலங்கு தென்பட்டால் சொல்’ என்கிறது. அசல் கட்டுரையின் உதாரணமே அதுதான். கேள்வி அண்டை அண்டையாகப் பரவும். அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை ஒவ்வோர் உணரியும் நினைவில் வைக்கும். பதில் அந்தத் தடங்களில் திரும்பும். பதில் நன்றாக வந்து சேர்ந்த தடம் வலுப்படுத்தப்படும். வலையமைப்பு முழுவதற்குமான முகவரி வேண்டாம், அண்டையை அடையாளம் கண்டால் போதும். இது சின்ன மிச்சமல்ல. இத்தகைய உணரிகளின் ரேடியோவுக்கான 802.15.4 தரநிலையின் அசல் வடிவில் ஒரு பொதி அதிகபட்சம் 127 பைட். அனுப்புநர், பெறுநரின் 64 பிட் முகவரிகளே 16 பைட் பிடிக்கும். வெப்ப அளவுக்கோ இரண்டு பைட் போதும்.

எனக்கு டிஃப்யூஷனின் சிந்தனையே ஆழமானதாகப் படுகிறது. ஆனாலும் வேலையைப் பார்த்துத்தான் தேர வேண்டும். 2002இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பாலுள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளில் உணரிகள் வைத்தார்கள். அப்படி எல்லா உணரிகளும் ஓயாமல் அளவு சொல்லும் இடத்தில், கேள்வியைத் திரும்பத் திரும்பப் பரப்புவது வீண் செலவு. லீச்சின் ஒழுங்கே பொருந்தும். காட்டோரத்தில் எப்போதாவது வரும் யானைக்கு டிஃப்யூஷன்: முதலில் நிதானமாகக் கேட்கும், விலங்கு தென்பட்டதும் வேகம் கூட்டும். அங்கே லீச் எடுபடாது. எந்த உணரியும் தளநிலையத்தை நேரடியாக எட்ட முடியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. மேடும் மரமும் நிறைந்த இடத்தில் அது நடவாது.