இடது கால் யெஸ்டி, வலது கால் புல்லட்

1994 முதல் 2001 வரை ஏழு வருடம் பெங்களூர் ஆடுகோடியில் என் வாடகை வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று மைசூரில் செய்த யெஸ்டி ரோட்கிங், மற்றது திருவொற்றியூரில் செய்த புல்லட் 350. இரண்டும் செகண்ட் ஹேண்ட். யெஸ்டிக்கு இடது காலில் கியர், வலது காலில் பிரேக். அந்தக் காலத்து புல்லட்டுக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக்.

திங்கட்கிழமை ஒன்றையும் செவ்வாய்க்கிழமை மற்றதையும் எடுப்பவனின் கால்கள் பாவம். ஒரு காலை டெய்ரி சர்க்கிள் சிக்னலில் பால் வண்டி ஒன்று சட்டென்று நின்றது. நான் வலது காலை ஓங்கி அழுத்தினேன். உட்கார்ந்திருந்தது புல்லட்டின் மேல். பிரேக் பிடிப்பதற்குப் பதிலாக கியர் மாறியது, வண்டி உறுமிக்கொண்டு முன்னேறியது. கை பிரேக்தான் காப்பாற்றியது. பால் கேனுக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அன்று முதல் வண்டியில் ஏறியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, பிரேக்கை ஒரு முறை மிதித்துப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை.

யெஸ்டியா புல்லட்டா என்ற வாக்குவாதத்தை டீக்கடைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றை மட்டும் வைத்திருந்தவர்கள் மற்றதைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு இரண்டு சாவியும் ஒரே ஆணியில் தொங்கின. கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் வண்டிச் செலவுக்கும் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். முதல் பக்கங்களில் ஓசூர்த் தயாரிப்பான டிவிஎஸ் 50, கடைசிப் பக்கங்களில் ஒரு பிரீமியர் பத்மினி, அப்புறம் ஒரு மாருதி 800. கார்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்மினி கல்யாணத்துக்குப் போனது, மாருதி ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூலுக்கும் போனது. நோட்டின் நடுப்பக்கங்கள்தான் எண்ணெய்க் கறையோடு இருக்கின்றன.

ஆடுகோடியில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் ஒப்பிடுவதில் ஒரு பொருத்தம் உண்டு. எங்கள் பக்கத்து ஓசூர் ரோட்டில் ஏறினால் கிருஷ்ணகிரி வழியாகச் சென்னை, புல்லட்டின் ஊர். நகரத்தின் மறுபக்கம் மைசூர் ரோடு, யெஸ்டியின் ஊர். இரண்டு வண்டியின் தலையிலும் செருகியிருந்த ஸ்பார்க் பிளக் மட்டும் உள்ளூர்ச் சரக்கு. 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, சுருக்கமாக மைகோ, ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து ஆடுகோடியில்தான் பிளக்கும் டீசல் பம்பும் செய்ய ஆரம்பித்தது. 2008-இல் பெயர் பாஷ் என்று மாறியது. நாங்கள் கடையில் ‘மைகோ பிளக்’ என்றே கேட்போம், இன்றைக்கும் சிலர் அப்படித்தான் கேட்கிறார்கள்.

இரண்டு வண்டிக்குமே பூர்வீகம் வெளிநாடு. புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்தது. 1950-களின் நடுவில் எல்லைக் காவலுக்காக இந்திய அரசு 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதையொட்டி 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உண்டாக்கின. தாய்க் கம்பெனி 1970 வாக்கில் இங்கிலாந்தில் கண்ணை மூடியது. பிள்ளை திருவொற்றியூரில் அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. யெஸ்டியின் முன்னோடியான ஜாவா செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தது. இரானி குடும்பத்தார் தொடங்கிய ஐடியல் ஜாவா 1961-இல் மைசூரில் அதைச் செய்யத் தொடங்கியது. எழுபதுகளில் பெயர் யெஸ்டி ஆனது. ஈரானில் ஜொராஸ்டிரியர்களின் பழைய ஊரான யஸ்த் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஆக செக் நாட்டு என்ஜின், பாரசீகப் பெயர், மைசூர்த் தொழிலாளியின் கை. நம்மூரில் எதுதான் கலப்பில்லாமல் இருக்கிறது!

உள்ளே இருப்பதைப் பார்ப்போம். புல்லட் ஃபோர்-ஸ்ட்ரோக். பிஸ்டன் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கினால்தான் ஒரு வெடிப்பு. அதற்காக வால்வு, புஷ் ராட், டேப்பட் என்று ஒரு பரிவாரமே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். யெஸ்டி டூ-ஸ்ட்ரோக். ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கினாலே வெடிப்பு. வால்வே கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகளைப் பிஸ்டனே மூடித் திறந்து வேலையை முடித்துவிடும். அதனால்தான் 250 சிசி யெஸ்டி ரோட்கிங் 16 குதிரைச் சக்தி கொடுத்தபோது, 350 சிசி புல்லட் 18-ஓடு நின்றது. எடையிலும் யெஸ்டி குறைவு. சிக்னல் விழுந்ததும் யார் முன்னால் போவார் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் எண்ணெய் விஷயத்தில் யெஸ்டி ஊதாரி. புல்லட்டுக்குள் எண்ணெய் தனியாக இருக்கும், சுற்றிச் சுற்றி வரும், கறுத்த பிறகு மாற்றுவோம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகவே மேலே போகின்றன, அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. ஆகவே பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துவிட வேண்டும். போகிற வழியில் பேரிங்கை நனைத்து, பிஸ்டனை நனைத்து, கடைசியில் அதுவும் எரிந்து புகையாகப் போகும். லிட்டருக்கு முப்பது நாற்பது மில்லி. பங்கில் தரும் அளவுக் குப்பியை நான் நம்பவில்லை. குழந்தையின் இருமல் டானிக்கோடு வந்த பிளாஸ்டிக் மூடியைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதில் அளந்து ஊற்றி, வண்டியை இடுப்பால் இரண்டு ஆட்டு ஆட்டினால் கலந்துவிடும்.

காலையில் யெஸ்டியை உதைத்தால் கிளம்பும் நீலப்புகை எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிவரை போகும். “தம்பி, கார்ப்பரேஷன் கொசு மருந்து வண்டி இன்னிக்கு சீக்கிரமே வந்துடுச்சே” என்பார் எதிர்வீட்டு அக்கா. நான் புகையைவிட வேகமாகத் தெருமுனையைத் தாண்டிவிடுவேன்.

லக்கசந்திரா சந்தில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். எந்த வண்டி போனாலும் முதலில் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். புல்லட்டின் பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் வாயே திறக்காமல் திரும்ப மாட்டிவிடுவார். யெஸ்டியின் பிளக் பெரும்பாலும் ஈரக் கறுப்பாக இருக்கும், சில சமயம் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு துளிக் கரி பாலம் போட்டிருக்கும். “சார், பிளக்கு ஆடுகோடியில நல்லாத்தான் செய்றான். நீங்க மெதுவா ஓட்டி இதைக் குளிரவைக்கறீங்க. ஞாயித்துக்கிழமை ஓசூர் ரோட்டுல ஒரு தடவ விரட்டிட்டு வாங்க, மருந்தே வேணாம்” என்பார். அவர் சொன்னது உண்மை. எண்ணெய் எரியும் என்ஜினில் சூடு ஏறாவிட்டால் கரி படியும், சூடு ஏறினால் கரி தானே எரிந்து போகும். ஒரே பிளக் ஒரு வண்டியில் சும்மா உட்கார்ந்து வயதாகிறது, இன்னொன்றில் தினமும் சேற்றில் குளிக்கிறது.

என் நோட்டிலும் அதே கதைதான். யெஸ்டி பக்கத்தில் வாரத்துக்கு ஒரு சின்ன வரி: பிளக், எண்ணெய், பிளக், சைலன்சர் கழற்றிக் கரி எடுத்த கூலி. ஒற்றைச் சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் என்பதால் கூலியும் இரட்டிப்பு. புல்லட் பக்கத்தில் மாதக்கணக்கில் வெறுமை, திடீரென்று ஒரு வரியில் சம்பளத்தில் கால்வாசி: வால்வு வேலை, கிளட்ச் பிளேட், செயின் செட். வருடக் கடைசியில் கூட்டினால் பெரிய வித்தியாசம் வராது. ஆனாலும் சுற்றியிருந்தவர்கள் யெஸ்டியைச் செலவாளி என்றார்கள், புல்லட்டைச் சொத்து என்றார்கள். சின்னச் செலவு தினமும் கண்ணில் படும். பெரிய செலவைச் செய்தவன் வெளியே சொல்லாமல் இருந்துவிடுவான்.

ஸ்டார்ட் செய்வதைப் பார்த்தாலே இரண்டின் குணமும் தெரிந்துவிடும். யெஸ்டியின் கிக்கர்தான் அதன் கியர் லீவரும். உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்து முடித்து இறக்கினால் கியர். பழக்கமில்லாதவர் கிக்கரைத் தேடி வண்டியையே சுற்றி வருவார். கண்டுபிடித்துவிட்டால் அரை உதை போதும், சிறுவனும் கிளப்பலாம். கியர் லீவரை அழுத்தும்போதே கிளட்ச் தானாக விடுபடும் ஏற்பாடும் அதில் உண்டு. ஒருமுறை கிளட்ச் கேபிள் அறுந்த பிறகும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

புல்லட்டுக்கு மரியாதை வேண்டும். சாவி போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஆம்ப்ஸ் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்ததும் டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் ஒரு நூல் இறக்கி, விட்டுவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, உடம்பு எடையை எல்லாம் போட்டு ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். என் கெண்டைக்காலில் அதற்கு அடையாளம் இருக்கிறது. விருந்தாளி முன்னால் முதல் உதையில் கிளம்பினால் அந்தப் பெருமை வேறு எதிலும் கிடையாது, மூன்றாவது உதைக்கும் கிளம்பாவிட்டால் அந்த அவமானமும்தான்.

சொந்த ஊர் சேலத்துக்குப் போகும்போதுதான் வித்தியாசம் உடம்பில் உறைக்கும். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கம். புல்லட்டில் ஒரு கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கலாம். யெஸ்டியில் அப்படிச் செய்யக்கூடாது. ஆக்சிலரேட்டரை மூடினால் பெட்ரோல் போகாது, பெட்ரோலோடு சேர்ந்து போகும் எண்ணெயும் போகாது. சக்கரம் என்ஜினை வேகமாகச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே உலர்ந்துவிட்டால் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். ஆகவே இடையிடையே ஆக்சிலரேட்டரை முறுக்கி என்ஜினுக்கு ஒரு மிடறு எண்ணெய் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். மலை இறங்கும்போது வேகம் கூட்டுகிறானே என்று லாரிக்காரர்கள் திட்டுவார்கள். ஆனால் அதே கணவாயில் ஏறி வரும்போது யெஸ்டியை எதுவும் பிடிக்க முடியாது. அந்த ஏற்றத்துக்காகவே அதை ஏழு வருடம் விற்காமல் வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். ஓட்டுகிற சுகத்தைக் கேட்டால் யெஸ்டியைத்தான் சொல்வேன். புல்லட்டை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம்.

புல்லட்தான் கடைசியில் நின்றது, அதனால் அதுவே சிறந்த வண்டி என்று இன்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1984-க்கும் 1986-க்கும் நடுவே சுசூகி, ஹோண்டா, யமஹா, கவாசாகி என்று ஜப்பானிய 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தபோது இரண்டு கம்பெனிக்குமே மூச்சு முட்டியது. 1991-இலும் 1996-இலும் 2000-இலும் புகை விதிகள் படிப்படியாக இறுகின. எண்ணெயை எரித்தே வாழும் என்ஜினுக்கு அது கழுத்தைச் சுற்றிய கயிறு. ஐடியல் ஜாவா 1996-இல் மூடியது. புல்லட்டும் செழித்துக் கிடக்கவில்லை. 1994-இல் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு முழுதாகப் போன பிறகும், 2000 வாக்கில் அதை மூடிவிடலாமா என்ற பேச்சு இருந்தது. ஐஷர் குடும்பத்துச் சித்தார்த்த லால் பொறுப்பை ஏற்று அதை மீட்டார். அதைக் காப்பாற்றியதில் ராணுவ, போலீஸ் ஆர்டருக்கும் ஒரு முதலாளியின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு. ஆடுகோடி ஆயுதப்படை மைதானப் பக்கம் போனால் அந்த நாட்களில் புல்லட் சத்தம் கேட்காமல் திரும்ப முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: புல்லட்காரர்கள் புகைவண்டி என்று கேலி செய்த டூ-ஸ்ட்ரோக்கை என்ஃபீல்டும் எக்ஸ்ப்ளோரர், சில்வர் ப்ளஸ் என்று செய்து விற்றுப் பார்த்ததுதான். அவை இன்று யார் நினைவிலும் இல்லை.

2001-இல் யெஸ்டியை விற்றேன். வாங்கியவர் ஒரு மாணவர், எண்ணெய் அளக்கும் டானிக் மூடியையும் சேர்த்துக் கொடுத்தேன். புல்லட் இன்னும் இருக்கிறது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புல்லட்டின் கியர் இடது பக்கம் வந்துவிட்டது, அதாவது ஜாவாவுக்கு எப்போதும் இருந்த இடத்துக்கு. 2010 வாக்கில் பழைய வார்ப்பிரும்பு என்ஜினும் போனது. 2018 நவம்பரில் மகிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் ஜாவாவைத் திரும்பக் கொண்டுவந்தது. தோற்றம் பழையது, சைலன்சர் இரண்டு, ஆனால் உள்ளே தண்ணீரால் குளிரும் 293 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக். 2022-இல் வந்த யெஸ்டியிலும் ஃபோர்-ஸ்ட்ரோக்தான். இவன் அவன் காலை வாங்கிக்கொண்டான், அவன் இவன் வயிற்றை வாங்கிக்கொண்டான்.

புது ஜாவாவை ஷோரூமில் ஒரு சுற்று ஓட்டப் போனேன். பையன் சாவியைக் கொடுத்து, “அங்கிள், பழக்கம் இருக்கா?” என்றான். ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். வலது கால் சரியான இடத்தில் இருந்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பையனும் என்னவென்று திரும்பிப் பார்த்தான். அங்கே எதுவும் இல்லை, பளிங்குத் தரைதான்.