பதினெட்டுக் கையெழுத்துகள்

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் மற்றெல்லாக் கையெழுத்துகளையும்விடப் பெரிதாகத் தெரிவது ஜான் ஹான்காக்கினுடையது. 1776இல் காலனிகளின் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் பத்திரம் அது. கவிதை எழுதுகிறவளாக நான் அதிகம் யோசித்திருப்பதோ, அதே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு முன் போட்ட இன்னொரு கையெழுத்தைப் பற்றித்தான்.

1761இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அடிமைக் கப்பல் பாஸ்டன் வந்தது. அதிலிருந்த சிறுமி ஒருத்தியை வீட்லி குடும்பத்தார் விலைக்கு வாங்கினார்கள். முன்பற்கள் விழுந்திருந்ததை வைத்து வயது ஏழெட்டு என்று கணித்தார்கள். கப்பலின் பெயர் பிலிஸ். அதையே அவளுக்கும் வைத்தார்கள். அந்த வீட்டிலேயே ஆங்கிலமும் லத்தீனும் கற்று, பதின்ம வயதிலேயே கவிஞரானார் பிலிஸ் வீட்லி.

அவருடைய கவிதைகளை நூலாக்க முனைந்தபோது, ஓர் அடிமைப்பெண்ணால் இப்படி எழுத முடியுமா என்ற சந்தேகம் எழுந்தது. 1772இல் ஆளுநர், துணை ஆளுநர், போதகர்கள், வணிகர்கள் எனப் பாஸ்டனின் பதினெட்டு ஆண்கள், எழுதியவர் அவரே என்று சான்றளித்துக் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹான்காக். அவர் அந்நகரில் அடிமையாக ஊழியம் செய்வதையும் அந்தச் சான்று குறிப்பிடுகிறது, ஓர் இடையூறு என்ற அளவில். நூல் 1773இல் லண்டனில்தான் அச்சேறியது, அந்தச் சான்றையும் சுமந்துகொண்டு.

இங்கிலாந்து நண்பர்களின் வற்புறுத்தலால் அதே ஆண்டு அவருக்கு விடுதலை கிடைத்தது. 1774இல் மொஹீகன் இனப் போதகர் சாம்சன் ஆக்கமுக்கு அவர் எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வெளிவந்தது. விடுதலை வேட்கை எல்லா மனித உள்ளத்திலும் உண்டு என்கிறார் அதில். சுதந்திரம் கேட்டுக் குரலெழுப்பிக்கொண்டே பிறரை அடக்கி ஆள்பவர்களின் முரண்பாட்டையும் சுட்டிக்காட்டுகிறார். பிரகடனம் எழுதப்பட இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

அதை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன், வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். வர்ஜீனியா பற்றிய தம் நூலில், வீட்லியின் பெயரில் வெளியானவை விமர்சனத்துக்கே தகுதியற்றவை என்று ஒதுக்கினார். ‘பெயரில் வெளியானவை’ என்பதைக் கவனியுங்கள். பதினெட்டுக் கையெழுத்துகளும் போதவில்லை.

இலட்சியம் உயர்ந்தது, நடைமுறைதான் பின்தங்கியது என்று அமெரிக்காவின் தொடக்கத்தைச் சொல்வது வழக்கம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இலட்சியத்தை அதன் முழு அளவில் சிந்தித்தவர் ஹான்காக்கின் ஊரிலேயே இருந்தார். அவரை அவர்கள் படித்தும் இருந்தார்கள். எழுதத் தெரியும் என்று சான்று தந்தவர்கள், எழுதியதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

1779இல் 33 கவிதைகளும் 13 கடிதங்களும் கொண்ட இரண்டாவது நூலுக்குச் சந்தா கோரி விளம்பரம் செய்தார். போர்க்காலம்; போதிய ஆள் சேரவில்லை. 1784இல், முப்பதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே, வறுமையில் இறந்தார். முதல் நூலின் அமெரிக்கப் பதிப்பு வந்ததே அதற்குப் பிறகு, 1786இல். இரண்டாவது நூலின் கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.