கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்பது குழந்தைப் பருவத்தில் தொடங்கும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு. ஏ.டி.எச்.டி. என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கும் பெரியவர்களில் சுமார் 2.5 விழுக்காட்டினருக்கும் இது உள்ளது. சோம்பலோ, திமிரோ, பெற்றோரின் வளர்ப்போ இதற்குக் காரணம் அல்ல.

அறிகுறிகள்

கவனக்குறைவு, மிகையியக்கம், யோசிக்காமல் செயல்படுதல் ஆகியவை முதன்மை அறிகுறிகள். இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய வீட்டுப்பாட நோட்டைக் காலையில் மேசைமேலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவது, கேள்வி முடியுமுன் பதிலைச் சொல்வது, தன் முறை வரும்வரை காத்திருக்க முடியாமல் தவிப்பது போன்றவை அன்றாடம் நிகழும். பிடித்த விளையாட்டில் மணிக்கணக்காக ஒன்றிவிடும் குழந்தையும் பாடத்தில் சில நிமிடங்கள்கூட நிலைக்க முடியாமல் திணறலாம். பெண் குழந்தைகளிடம் ஓட்டமும் துள்ளலும் பெரும்பாலும் குறைவாக இருப்பதால், அவர்களின் சிரமம் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமலே போகிறது.

காரணங்கள்

இரட்டையர் ஆய்வுகளின்படி மரபின் பங்கு 70 முதல் 80 விழுக்காடு. குறைமாதப் பிறப்புக்கும் குறைந்த பிறப்பு எடைக்கும் இக்குறைபாட்டுடன் தொடர்பு உண்டு.

வரலாறு

ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-இல் கவனம் நிலைக்காத நிலையை விவரித்தார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய உரைகள் இத்தகைய குழந்தைகளை மருத்துவ உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தன. இன்றைய பெயர் 1987-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது.

கண்டறிதல்

இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ இதை உறுதிசெய்ய முடியாது. மேற்படி கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதங்களுக்கேனும் நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது தென்பட வேண்டும். தூக்கக் குறைவு, பதற்றம், செவித்திறன் குறைபாடு போன்ற வேறு காரணங்கள் உள்ளனவா என்றும் மருத்துவர் ஆராய்வார்.

சிகிச்சை

ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் வழி. அதற்கு மேற்பட்டவர்களுக்கு மெத்தில்பெனிடேட், அட்டமாக்செட்டின் முதலிய மருந்துகள் தேவைக்கேற்பப் பரிந்துரைக்கப்படுகின்றன. இம்மருந்துகளால் பசிக் குறைவு ஏற்படலாம். மெத்தில்பெனிடேட் தூக்கத்தையும் குறைக்கலாம். எனவே எடை, உயரம், இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் தொடர்ந்து கண்காணிப்பது அவசியம்.

துணைநிற்றல்

"ஒழுங்காகப் படி" என்பதைவிட, "கணக்கு நோட்டை எடு, முதல் இரண்டு கணக்கைப் போடு" என்பது இக்குறைபாடுள்ள குழந்தைக்கு உதவும். ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லி, முடித்த உடனே பாராட்ட வேண்டும். வகுப்பில் ஆசிரியருக்கு அருகில் இடம், இடையிடையே எழுந்து நடக்க அனுமதி, தேர்வில் கூடுதல் நேரம் ஆகியவை பலருக்குக் கைகொடுக்கின்றன. பெரியவர்களுக்கு அலைபேசி நினைவூட்டல்களும், வாய்மொழியாகச் சொன்ன வேலையை எழுதித் தரும் மேலாளரும் பெரிய துணை. ஓயாத திட்டு இவர்களின் தன்னம்பிக்கையைச் சிதைக்கிறது. உரிய உதவி கிடைத்தால் இவர்களால் படிப்பிலும் பணியிலும் உறவுகளிலும் நிறைவாக வாழ முடியும்.