நீரா, படிவா, பாறையா? பாக் நீரிணை மின்கடத்தி பற்றிய ஆய்வின் வரலாறு

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையிலான கடலடி மேலோட்டின் மின்காந்த ஆய்வு கடலில் தொடங்கவில்லை; கரையோரக் காந்த நிலையங்களின் பதிவுத்தாள்களில் தொடங்கியது. 1852 முதல் 1865 வரை திருவனந்தபுரம் வானாய்வகத்தை நடத்திய ஜான் ஆலன் ப்ரௌன், அகத்தியமலையிலும் ஓர் அவதான நிலையம் அமைத்தார். நிலத்தடியைத் துழாவுவது அவர் நோக்கமல்ல. 1957இல், சர்வதேசப் புவியியற்பியல் ஆண்டையொட்டி, திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்தப் பதிவுகள் தொடங்கியபோதும் எல்லோர் கண்ணும் மேலேதான் இருந்தது: ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கி ஓடும் நிலநடுக்கோட்டு மின்தாரையின் மேல்.

ஆனால் அந்தப் பதிவுகளில் ஒரு முரண் தெரிந்தது. காந்தப் புயல் வெடிக்கும் கணங்களில் இந்தியத் தென்கோடி நிலையங்களில் காந்தப்புலத்தின் செங்குத்துக் கூறு எதிர்பாராத அளவுக்கு மாறியது. உப்புநீர் நல்ல மின்கடத்தி. கடலில் தூண்டப்படும் மின்னோட்டம் கரையோரக் கருவிகளைப் பாதிக்கும் என்று ஆஸ்திரேலியாவின் பார்கின்சன் 1959இல் காட்டியிருந்தார். தென்னிந்திய முரணையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். நித்தியானந்தா, அகர்வால், சிங் மூவரும் அப்படி நகரவில்லை. 1977இல் வெளியான அவர்களது கட்டுரை குறுகிய கால அலைவுகளில் தூண்டலின் பங்கை ஆராய்ந்தது. இரவுப் பதிவுகளே இங்கு முக்கியச் சான்று. இரவில் மின்தாரை அடங்கிவிடும், முரண் அடங்குவதில்லை. எனவே மூலம் கீழேதான்.

கீழே என்றால் எங்கே? 1979இல் இரு விடைகள் வந்தன. ராஜாராமும் சகாக்களும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே ஒரு மின்கடத்துத் தடம் இருப்பதாகக் கொண்டு கணித்தனர். ஜப்பானின் தாக்கெடாவும் மயேடாவும் கரையோரத்தின் வடிவத்துக்கே முதன்மை தந்தனர்: இலங்கைத் தீவைச் சுற்றிக் கடலில் மின்னோட்டம் வளைவதன் விளைவு அது. 1981இல் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனமும் ஹைதராபாத்தின் தேசியப் புவியியற்பியல் ஆய்வு நிறுவனமும் காந்தமானிகளை வரிசையாக நிறுத்தி எடுத்த பதிவுகளின் முடிவு வெளியானது. நீரிணையை ஒட்டிய முரண் உறுதியானது; ஆழம் உறுதியாகவில்லை. கரையில் நின்று எடுத்த அளவீடு மின்னோட்டம் எந்தப் பக்கம் என்று சொல்லும், எத்தனை ஆழத்தில் என்று எளிதில் சொல்லாது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். கடல்நீரின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 4 சீமென்ஸ். பாக் விரிகுடாவின் 10 மீட்டர் நீருக்கு மொத்தம் 40 சீமென்ஸ்தான் தேறும். 3,000 மீட்டர் ஆழமுள்ள வங்கக் கடலுக்கோ ஏறத்தாழ 12,000. ஆக, நீரிணையின் நீர் மட்டும் அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது. அதற்காக உடனே மேலோட்டுப் பாறைக்கு இறங்கிவிடவும் முடியாது. காவிரிப் படுகையின் படிவுகள் விரிகுடாவுக்கு அடியிலும் தொடர்கின்றன. உப்புநீர் ஊறிய 3 கி.மீ. படிவு, 3 ஓம் மீட்டர் மின்தடையுடன் இருந்தால், அதுவே 1,000 சீமென்ஸ். இந்தப் பங்கைப் பிரித்தெடுக்காமல் ஆழத்துக் கடத்தியைப் பற்றிப் பேசுவது அவசரம் என்பதே என் கருத்து.

பிரித்தெடுக்கக் கடலடியில் கருவி வேண்டும். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கழகத்தில் சார்லஸ் காக்ஸ், ஜான் ஃபியூ போன்றோர் 1960களிலேயே அதற்கு வழி வகுத்தனர். 1990களில் இந்திய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வங்கக் கடலடிக் காந்தமானிப் பதிவுகளை வெளியிட்டனர்; 2002இல் அரோராவும் சுப்பா ராவும் தீபகற்பத் தரவையும் வங்கக் கடல் தரவையும் ஒரே மாதிரிக்குள் கொண்டுவந்தனர். அந்தக் கருவிகள் இறங்கியதோ ஆழ்கடலில்.

எண்ணெய்த் தொழில் வளர்த்த செயற்கை மூல முறையும் (மின்காந்த அலையைக் கருவியே அனுப்பும் முறை) ஆழமற்ற பாக் நீரிணையில் அவ்வளவாக உதவாது. 2000இல் அங்கோலா கடலில் சோதிக்கப்பட்டு, பின்னர் மலேசியாவில் சபாவின் ஆழ்கடல் வரை வந்த முறை அது. ஆழமற்ற கடலில், காற்றின் வழியே திரும்பிவரும் சமிக்ஞை நிலத்தடிச் சமிக்ஞையை மறைத்துவிடும். இயற்கை அலைவுகளுக்கு அந்தத் தொல்லையில்லை. 1 விநாடி அலைவு கடல்நீரில் சுமார் 250 மீட்டர் ஊடுருவும். 10 மீட்டர் நீர் அதற்கு ஒரு தடையே அல்ல. படிவுகளைப் பிரித்தறியத் தேவைப்படுவதும் இத்தகைய குறுகிய அலைவுகள்தாம். கடல் அலைகள் ஆட்டாதபடி கருவியை மணலில் பதிக்க வேண்டும். அதைவிடப் பெரிய நிபந்தனை, அளவீட்டுக் கோடு கடத்தியின் இரு ஓரங்களையும் கடக்க வேண்டும் என்பது. அப்படி வரையும் கோடு 1974 உடன்படிக்கையின் கடல் எல்லையை வெட்டாமல் போகாது; இரு அரசுகளின் அனுமதியும் வேண்டியிருக்கும்.